டெரிக்கின் நீளப் பாட்டு

போன சனிக்கிழமை பின்னேரம் நான் கிட்டார் கேட்கப் போனேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் இன்றைக்கும் கிட்டார் இருக்கிறது. அதைக் கேட்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சோதனைச் சாவடிக்கும் ஊரடங்குக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் மனிதன் மண்ணெண்ணெய்க் கியூவில் மட்டும்தான் நிற்கவேண்டும் என்று எந்த அரசாங்க வர்த்தமானியில் போட்டிருக்கிறது?

கிட்டார் என்றதும் உங்களில் முக்கால்வாசிப் பேர் பைலா என்று நினைத்திருப்பீர்கள். என் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள்.

"பறங்கி வீட்டுக் கலியாணத்தில ஆடுற ஆட்டத்துக்கு நான் என்னத்துக்கு?" என்றாள்.

இது பைலா இல்லை. பாட்டில்லை, மேளமில்லை, ஆட்டமில்லை. ஒரு மனிதன், ஒரு கதிரை, ஒரு கிட்டார் - அவ்வளவுதான். இடது காலைச் சின்னப் பலகையொன்றில் தூக்கி வைத்துக்கொண்டு, நகத்தால் ஒவ்வொரு தந்தியாக எடுத்து வாசிக்கிற மேற்கத்திய சாஸ்திரீய இசை. வீணை வாசிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் வீணையையும் விட மெல்லிய சத்தம். பக்கத்துக் கதிரையில் ஒருவர் முறுக்குக் கடித்தால் கிட்டார் தோற்றுப் போகும்.

வாசிக்கிறவர் பெயர் டெரிக். பறங்கியர். தையல் மெசின் திருத்துவது தொழில். நானும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஆகவே இனி மரியாதை வேண்டாம்... டெரிக் என்றே எழுதுகிறேன், 'அவன்' என்றும் எழுதுவேன். அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

இந்தக் காலத்தில் சாஸ்திரீயக் கிட்டார் வாசிப்பது எவ்வளவு ஆபத்தான காரியம் தெரியுமா? டெரிக்கின் வலது கையில் நகங்கள் நீளம். இடது கையின் விரல் நுனிகள் நாலும் காய்த்துக் கல்லாகிக் கிடக்கும். சாவடியில் கையை விரித்துக் காட்டச் சொல்லிப் பார்ப்பார்களே, அப்போது இந்தக் கை பெரிய வில்லங்கம். 'இது என்ன பயிற்சி?' என்று கேட்பார்கள். 'இசைப் பயிற்சி' என்றால் யார் நம்புவது? ஒரு தடவை பாதி நாள் வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். யார் நிறுத்தி வைத்தார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

டெரிக்குக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர். கணிதம் எனக்கும் வரவில்லை, அவனுக்கும் வரவில்லை. கிட்டார் அவனுக்கு மட்டும் வந்தது. பாதிரியார் ஊர் திரும்பும்போது தன்னிடமிருந்த இசைத் தாள்களை ஒரு கட்டாகக் கட்டி இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கட்டில் ஓர் உருப்படி மற்றதெல்லாவற்றையும் விட நீளம். அதற்கு வெளிநாட்டுப் பெயர் ஒன்று இருக்கிறது. அவன் ஒரு மாதிரி உச்சரிப்பான், நான் வேறு மாதிரி உச்சரிப்பேன். சண்டை வேண்டாமென்று இரண்டு பேரும் அதை 'நீளப் பாட்டு' என்றே சொல்லிக்கொள்வோம்.

டெரிக்கின் தம்பி தங்கைகள் எல்லாரும் அவுஸ்திரேலியாவில். வரச்சொல்லிக் கூப்பிட்டுக் களைத்துப் போனார்கள். இவனுக்குக் காசு ஆசையில்லை, வெளிநாட்டு ஆசையில்லை. ஒரே ஓர் ஆசைதான். அந்த நீளப் பாட்டை ஆட்களுக்கு முன்னால், தொடக்கம் முதல் முடிவு வரை, ஒரே ஒரு தடவை வாசித்துவிட வேண்டும்.

இது என்ன பெரிய ஆசை என்று கேட்பீர்கள். சண்டை நடக்கிற ஊரில் வாசித்துப் பாருங்கள், தெரியும்.

தன்னாமுனையில், யேசு பிறந்த நாளுக்கு வைத்த ஒரு நத்தார் விருந்தில் தொடங்கினான். நான் அங்கே இருந்தேன். மாமர நிழலில் நல்ல கூட்டம். மூன்றாவது பக்கத்துக்கு வரும்போது ஹெலிகொப்டர் ஒன்று தென்னைகளை உரசுகிற மாதிரிப் பதிந்து வந்தது. சனம் வீட்டுக்குள் ஓடிவிட்டது. அது சுற்றிச் சுற்றிப் போன பிறகு நாங்கள் வெளியே வந்து பார்த்தால், டெரிக் கிட்டாரைக் கட்டிப் பிடித்தபடி கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருக்கிறான். "எங்க விட்டன் மச்சான்?" என்று கேட்டான். எங்களுக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒரு பரிசளிப்பு விழாவில் வாசித்தான். பாதியில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் போட்டார்கள். ஜெனரேட்டர் முழங்கிய முழக்கத்தில் அவன் விரல் அசைவதைத்தான் பார்த்தோம். இன்னொரு தடவை சுற்றிவளைப்பு. மற்றொரு தடவை ஊரடங்கை முன்கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்று யாரோ வாசலில் வந்து சொன்னார்கள். முடிந்தது கதை.

"வீட்டில கதவச் சாத்திப்போட்டு வாசிச்சு முடியன்" என்றேன் ஒரு நாள்.

"வீட்டில வாசிச்சா அது பழகிறது மச்சான். ஆக்கள் கேட்டாத்தான் வாசிக்கிறது" என்றான்.



இந்த இடத்தில் எங்கள் ஊரைப்பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து படிக்கிறவர்களுக்கு இது விளங்காது.

நாங்கள் எதையும் முடிவு வரை பார்க்கிறதில்லை.

வாவியைக் கடந்து எங்கள் வீடுகளுக்குப் போகிற பாலம் பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டுப்படும். அதற்கு முன் போய்ச் சேர வேண்டும். சாவடியில் வரிசை. ஆகவே எங்கே போனாலும் கடைசிக்குக் கொஞ்சம் முதல் எழும்பிவிடுவோம். படமாளிகையில் வில்லன் கதாநாயகியைக் கடத்திக்கொண்டு போவான். நாங்கள் எழும்பிவிடுவோம். அவளைக் காப்பாற்றினார்களா இல்லையா என்பது கொழும்பில் இருக்கிற மைத்துனர் எழுதினால்தான் தெரியும். விடிய விடிய ஆடுகிற கூத்தைப் பகலில் வைத்தார்கள். அதிலும் அரசன் போருக்குப் புறப்படும் இடத்தில் சபை காலி. கலியாண வீட்டில் சோறு முந்தி, தாலி பிந்தி என்றுகூட ஒரு வீட்டில் நடந்தது! கூட்டத்தில் நன்றியுரை என்ற ஒன்று இருப்பதே இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

இதில் என் மனைவி விண்ணி, பெரிய கெட்டிக்காரி. அவள் மணிக்கூட்டைப் பார்ப்பதே இல்லை. பேச்சாளரின் குரல் ஒரு சுருதி இறங்கினால் போதும் - கைப்பை தோளுக்குப் போய்விடும். கண்ணால் எனக்கு ஒரு சைகை. நான் எழும்பிவிடுவேன். நாங்கள் எழும்பினால் பின்வரிசை எழும்பும். பின்வரிசை எழும்பினால் சபையே எழும்பும். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் இரவு எங்கே படுப்பது?

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

இடம், புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நிற்கிற பழைய ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம். கீழே பண்டகசாலை, மேலே பலகைத் தளம் போட்ட நீண்ட மண்டபம். ஒல்லாந்தர் போனார்கள், வெள்ளைக்காரர் வந்தார்கள், அவர்களும் போனார்கள். கட்டடம் மட்டும் போவதற்கு இடமில்லாமல் நிற்கிறது. இப்போது பங்குத் தந்தையின் பொறுப்பில்.

இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளம் எங்கள் எல்லாருக்கும் நல்ல பழக்கம். சுவர் இரண்டு முழத் தடிப்பு. ஷெல் விழுந்த காலத்தில் பிள்ளை குட்டிகளோடு ஓடிவந்து ஒதுங்கியது இங்கேதான். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் ஈரம் ஊறும், எந்த மூலையில் தேள் வரும் என்பதெல்லாம் என் மனைவிக்கு மனப்பாடம். ஆனால் பாருங்கள்... மேல் மாடிக்கு எங்களில் ஒருவரும் அதுவரை ஏறியதில்லை. ஷெல்லுக்குப் பயந்து வந்தவன் மேல் மாடிக்கு ஏறுவானா?

அன்றைக்கு ஏறினோம்.

ஏறுமுன் படியடியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பக்தி ஒன்றுமில்லை. மேலே இருப்பது பழைய பலகைத் தளம். செருப்போடு ஒருவர் நடந்தாலே 'கிறீச் கிறீச்' என்று ஊரைக் கூட்டும். வெறுங்காலோடு மெதுவாக நடந்தாலும் முனகத்தான் செய்தது.

மேலே போனதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆள் உயர ஜன்னல்கள், எல்லாம் வாவிப் பக்கம் திறந்திருந்தன. கச்சான் காற்று ஓய்ந்திருந்த நேரம். பின்னேர வெயில் தண்ணீரில் பட்டு மண்டபத்துக்குள் வந்து, மேலே கூரை வளைகளிலும் ஓட்டிலும் அலை அலையாக ஆடிக்கொண்டிருந்தது. கீழே நாங்கள் பயந்து நடுங்கிக் குந்திக்கொண்டிருந்த அத்தனை நாளும் எங்கள் தலைக்கு மேலே இந்த வெளிச்சம் இப்படியே ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதை நினைக்க எனக்கு ஏனோ அழுகை வரப்பார்த்தது.

மீன் பாடுகிற வாவி என்று பேரெடுத்தது இது. வாவியையும் இசையையும் ஒரே பத்தியில் எழுதினால் மீனைப் பாடவைக்காமல் விடக்கூடாது என்பது எங்கள் ஊர் எழுத்தாளர்களுக்கு எழுதாத சட்டம். நான் அதை மீறுகிறேன். மீன் பாடவில்லை. மீனைப் பிடிக்கிற தங்கூசிதான் பாடியது.

என்ன என்று கேட்கிறீர்களா? கிட்டாரில் மெல்லிய தந்திகள் மூன்றும் நைலோன். கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்தால் பார்சல் பிரிபட்டு வரும், அல்லது வராது. ஆகவே டெரிக் சந்தையில் வலைக்கடை வைத்திருக்கிற ஹனிபா காக்காவிடம் - முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம் - போய், மீன்பிடிக்கிற தங்கூசி நூலில் ஒவ்வொரு தடிப்பாக வாங்கி முறுக்கிப் பார்த்து, கடைசியில் மூன்று தடிப்புக்களைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷமாக அவன் கிட்டார் காக்காவின் கடையில்தான் சாப்பிடுகிறது.

அந்த ஹனிபா காக்கா எனக்கு முன் கதிரையில் இருந்தார். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். இந்தக் காலத்தில் முஸ்லிம் ஆட்கள் இங்கே வருவதும் நாங்கள் அங்கே போவதும் எப்படியிருக்கிறதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் வந்திருந்தார்.

"பைலாவா தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல காக்கா. இது சும்மா இருந்து கேக்கிறது."

"நல்லம். இவ்வளவு நாளும் என்ட தங்கூசில மீனத்தான் மாட்டினாங்க. இவன் என்னத்த மாட்டுறான் எண்டு பாப்பமே" என்றார்.

டெரிக் வந்தான். தன் கலியாணத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டு. இப்போது கொஞ்சம் இறுக்கம். கதிரையில் உட்கார்ந்து, காலைப் பலகையில் தூக்கி வைத்தான்.

"மைக் இல்ல. ஜெனரேட்டர் இல்ல" என்றான். "நான் மெதுவாத்தான் வாசிப்பன். நீங்க அதவிட மெதுவா இரிக்கணும். கடைசியா ஒரு நீளப் பாட்டு வாசிப்பன். அத வாசிச்சு முடிக்கணும் எண்டுதான் உங்கள எல்லாம் கூப்பிட்டிரிக்கன்."

அவ்வளவுதான் பேச்சு. வாசிக்கத் தொடங்கினான்.

எப்படியிருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. எனக்கு இசை தெரியாது. என் காதுக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் காதெல்லாம் இத்தனை வருஷமாக வேலையில் இருக்கிற காதுகள். லீவு கிடையாது. நித்திரையிலும் டியூட்டிதான். ட்ரக்கா, ஜீப்பா? வருகிறதா, போகிறதா? நாய் குரைப்பது ஆளுக்கா, நரிக்கா? வெடித்தது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? சட்டியில் வெங்காயம் தாளிக்கிற சத்தத்துக்குக்கூட ஒரு கணம் திடுக்கிட்டுவிட்டுத்தான் 'ஓ, வெங்காயம்' என்று அமைதியாகும். ஒரு நல்ல சத்தத்தை நல்ல சத்தம் என்பதற்காக மட்டும் கடைசியாக எப்போது கேட்டோம்?

டெரிக் மூன்றாவது உருப்படி வாசித்துக்கொண்டிருக்கும்போது என் காது லீவு போட்டது. எனக்கே தெரிந்தது. தோள் கொஞ்சம் இறங்கியது. வாய் கொஞ்சம் திறந்தது. தந்தியிலிருந்து ஒரு சத்தம் எழும்பும், அது ஜன்னல் வரை போகும், வெளிச்சம் ஆடுகிற இடத்தில் கரைந்து போகும். அது கரைவதற்குள் அடுத்தது வரும். ஒன்றும் வெடிக்கவில்லை. ஒன்றும் என்னைக் கேள்வி கேட்கவில்லை.

நான் நித்திரையும் இல்லை, விழிப்பும் இல்லை. தோணியொன்றில் மல்லாந்து படுத்திருக்கிறேன். தோணி தன்பாட்டில் பனிச்சங்கேணிப் பக்கம் போகிறது. கரையில் யாரோ நிற்கிறார்கள். 'ஆரது?' என்று கேட்கவில்லை. அடையாள அட்டை கேட்கவில்லை. சும்மா கையை ஆட்டுகிறார்கள். நானும் கையை ஆட்டுகிறேன். தண்ணீர் தோணியின் பக்கத்தில் தட்டித் தட்டிப் போகிறது...

திரும்பிப் பார்த்தால் மண்டபமே அப்படித்தான் இருந்தது. வங்கியில் வேலை செய்கிற கடுமூஞ்சி மனிதர் ஒருவர் பிள்ளை மாதிரி நாடியைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். ஹனிபா காக்காவின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என் மனைவியின் கைப்பை மடியில் கிடந்தது. அவள் கூரை வளையில் ஆடுகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்த புதிதில் அவளுக்கு இந்த முகம் இருந்தது. எங்கே போயிற்று என்று நான் தேடவுமில்லை.

நடுவில் ஒரு தடவை தூரத்தில் 'தொம்' என்றது. அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. காதுகள் லீவை ரத்துச் செய்துவிட்டு ஓடி வந்தன. டெரிக் விரலைத் தந்திகளின் மேல் வைத்து நிறுத்தினான். "வாகரைப் பக்கம்" என்றார் யாரோ. "அங்கால... தூரம்" என்றார் இன்னொருவர். காத்திருந்தோம். இரண்டாவது வரவில்லை. டெரிக் தலையை ஆட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

பிறகுதான் நீளப் பாட்டு.

வெயில் மஞ்சளாகிவிட்டது. டெரிக் கையைக் கால்சட்டையில் துடைத்தான். இரண்டு தடவை துடைத்தான். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என் பிள்ளை பரீட்சைக்குப் போன அன்று அடித்த அடி.

தொடங்கினான். தன்னாமுனையில் கேட்ட பகுதி வந்தது. தாண்டியது. வானத்தில் ஒன்றுமில்லை. பரிசளிப்பு விழாவில் மின்சாரம் போன இடம் வந்திருக்கும், அதையும் தாண்டியிருப்பான். அதற்கு அங்காலே போனதெல்லாம் நான் கேட்டேயிராத பாட்டு. ஊரில் யாருமே கேட்டேயிராத பாட்டு. வேகமெடுத்தது. ஆறு தந்திக்குள் இத்தனை கைகளா என்று நினைக்கும்படி ஓடியது. ஓடி, ஏறி, மேலே போய்... படிப்படியாகச் சுருதி இறங்கி, மெலிந்து, நின்றது.

நின்றுவிட்டது.

என் மனைவியின் கைப்பை தோளுக்குப் போனது.

நான் எழும்பினேன். பின்வரிசை எழும்பியது. சபையே எழும்பியது. யோசித்துச் செய்தோமா என்றால் இல்லை. கால் தானாக எழும்பியது. பலகைத் தளம் கிறீச்சிட்டது. குடைகள், பைகள், "சுறுக்கா வாகா, பாலம்" என்று யாரோ ஒரு பெண்ணின் அவசரக் குசுகுசுப்பு. முதல் ஆட்கள் படியிறங்கிவிட்டார்கள். கீழே செருப்புத் தேடுகிற சத்தமும் கேட்டது. சிலர் செருப்பைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

வாசலுக்குக் கிட்டப் போய்விட்ட பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன்.

டெரிக் அசையவில்லை. காலை இறக்கவில்லை. வலது கை தந்திகளுக்கு மேலே, தொடாமல், அப்படியே நிற்கிறது. கண் மூடியிருக்கிறது.

அது முடிவில்லை. பாட்டுக்குள் இருக்கிற மௌனம். அதை எழுதியவர் அந்த இடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்து எழுதியிருக்கிறார். மட்டக்களப்பு என்று ஓர் ஊர் இருக்கிறதென்பதோ அங்கே ஒரு பாலம் ஆறு மணிக்குப் பூட்டுப்படும் என்பதோ அந்த மனிதனுக்கு எப்படித் தெரியும்? டெரிக்குக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆட்களுக்கு முன்னால் அவன் ஒரு நாளும் அந்த மௌனம் வரை வந்ததில்லையே!

அவன் முகத்தைப் பார்த்தேன். நாங்கள் எழும்பியது அவனுக்குக் கேட்டிருக்கிறது. கேட்காமலிருக்குமா? இந்தத் தடவை ஹெலிகொப்டர் இல்லை, ஜெனரேட்டர் இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. அவனுடைய பாட்டை உடைத்தது நாங்கள். வாயைத் திறந்து 'எல்லாரும் இருங்க' என்று கத்த நினைத்தேன். கத்தினால் அதுவும் உடைத்ததாகத்தானே போகும்?

அப்போது அவன் விரல் இறங்கியது.

ஒரே ஒரு தந்தி. மிக மெல்லிய முதல் தந்தி. தாளில் மழை விழத் தொடங்குகிற அளவு சத்தம்தான்.

படியில் நின்றவர்கள் நின்றபடி நின்றார்கள். ஒருவர் ஒரு கால் மேற்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக நின்றுவிட்டார். பாதி விரிந்த குடை பாதியிலேயே நின்றது. கீழே செருப்புத் தேடிய சத்தமும் அடங்கியது. திரும்பிப் போய் உட்கார ஒருவராலும் முடியாது; ஓர் அடி வைத்தாலும் பலகை கத்தும். வீட்டுக்குப் போகவும் முடியாது. அதற்கும் அடி வைக்க வேண்டும். ஆகவே, வாசலிலும் படியிலும் கீழேயுமாக, எழும்பிய சனமெல்லாம் அந்தந்த இடத்தில் சிலையாகிவிட்டது.

டெரிக் வாசித்தான். கண்ணைத் திறக்கவேயில்லை.

அந்தக் கடைசிப் பகுதி எப்படியிருந்தது? சொல்கிறேன். கோபமில்லாமல் இருந்தது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். ஜன்னலில் மஞ்சள் சிவப்பாகியது. சிவப்பு சாம்பலாகியது. எல்லாருக்கும் நேரம் தெரியும். பாலமும் தெரியும். என் மனைவி மெதுவாகத் தன் மணிக்கூட்டின் மேல் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். இருபத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள்மேல் எனக்கு இவ்வளவு அன்பு வந்த இடம் வேறில்லை.

பிறகு மறுபடியும் நின்றது.

இந்தத் தடவை ஒருவரும் அசையவில்லை. ஒருதரம் சூடு பட்ட மாடு நாங்கள்! மௌனமோ முடிவோ, யார் கண்டது? டெரிக் காலைப் பலகையிலிருந்து இறக்கினான். கண்ணைத் திறந்தான். நேரே முன்னால் பார்த்தான்.

முன்னால் கதிரைகள்தான் இருந்தன. அத்தனையும் காலி.

வாசல் அவனுக்கு ஒரு பக்கமாக, ஓரத்தில். நாங்கள் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. காலிக் கதிரைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கிட்டாரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தான். அந்தக் குனிவை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.  

படியிலிருந்து ஹனிபா காக்காவின் குரல்தான் வந்தது.

"தம்பி... முடிஞ்சா? இல்ல, இன்னும் இரிக்கா?"

டெரிக் துள்ளித் திரும்பினான். வாசல் நிறைய முகங்கள். முகங்களுக்குப் பின்னால் படியிலும் முகங்கள்.

"முடிஞ்சி காக்கா" என்றான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல இன்னொரு தரம் சொன்னான். "முடிஞ்சி."

கைதட்ட வேண்டுமே! கைகளில் குடையும் பையும். படியடியிலிருந்து ஏறி வந்த சிலருடைய கைகளில் செருப்பு. அதில் ஒருவர் வந்த வேகத்தில் இரண்டு செருப்பையும் சேர்த்தே தட்டினார். பிறகு மற்றவர்களும். ஒரு கலைஞனுக்கு முன்னால் செருப்பைத் தூக்கினால் நம் தமிழ்ச் சமூகத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டு டெரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்துக்கொண்டேயிருந்தான்.

பாலத்தில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். நிறைய விளக்கம் சொன்னோம். நிறைய நேரம் நின்றோம். டெரிக்கின் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், கையை விரிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை அவனுக்குச் சாட்சி சொல்ல ஒரு சபையே பின்னால் நின்றது. கடைசியில் விட்டார்கள். வீட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை டெரிக்கின் கடைக்குப் போனேன். ஆள் சந்தோஷமாக இருப்பான், தேநீர் வாங்கித் தருவான் என்று நினைத்துக்கொண்டு போனால், யாருடையவோ தையல் மெசினைப் பிரித்துப் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

"என்ன மச்சான்? அதான் வாசிச்சு முடிச்சிட்டியே?"

"முடிச்சன். கடைசிப் பக்கத்தில ரெண்டு இடம் பிழைச்சிட்டன்."

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றான். "இவ்வளவு நாளும் பழியப் போட ஹெலிகொப்டர் இருந்திச்சி. இனி ஆர்ல போடுற? நான்தான் பழகணும்."

சொல்லிவிட்டு, இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது என்பதுபோலச் சிரித்தான்.

ஒரு மனிதன் தன்னுடைய பிழையைத் தானே விடுவதற்குக்கூட, யாராவது அவனைக் கடைசி வரை வாசிக்க விடவேண்டியிருக்கிறது... இல்லையா?